உயிரோடிருப்பவருக்கு வந்த இரங்கல்

ஐப்பசி 12, வியாழன்.

ஒரு வருடமாக இன்ஸ்டாவில் படம் வரைந்து போடுகிறேன். இன்ஜினியரிங் புத்தி, எந்த நேரத்தில் போட்டால் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கே வைத்திருந்தேன். பத்து கமெண்ட் தாண்டவில்லை.

நேற்று கருங்கல் சந்தையில் வாழைக்குலை விற்கும் செல்லத்துரை மாமாவைப் பென்சிலில் வரைந்து போட்டேன். கறுப்பு வெள்ளையில் முகம், கீழே பெயர், ஊர். இங்கே மதிலில் ஒட்டும் மரண அறிவிப்பும் அப்படித்தான் இருக்கும். எனக்கு உறைக்கவில்லை. காலையில் நூற்றுக்கணக்கில் கமெண்ட். எண்ணிக்கையைப் பார்த்தே துள்ளினேன்.

துபாயிலிருந்து மாமாவின் மகள் அழுதுகொண்டு கூப்பிட்டாள். "அண்ணே, அப்பா எப்பம் போனாவ?"

அப்போதுதான் வாசித்தேன். எல்லாம் ஆழ்ந்த இரங்கல். 'ஆள் உயிரோடு இருக்கிறார்' என்று எழுதினேன். யாரும் கண்டுகொள்ளவில்லை, இரங்கல் வந்துகொண்டே இருந்தது. படத்தை அழித்தேன்.

மாலையில் மன்னிப்புக் கேட்கப் போனேன். மாமா சிரித்தார். "இன்னைக்குக் காலத்த நாலு பேரு மாலையோட வந்தாவ மக்கா. அவியளுக்கு நான்தான் சாயா குடுத்தேன்." பிறகு குரல் தாழ்ந்தது. "எனக்க தம்பியும் அதுல எழுதியிருந்தானாம். பதினஞ்சு வருசமா பேசாதவன். என்ன எழுதினான்?"

எனக்குத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

இப்போது அழித்த படத்தை மீட்டு, கமெண்டுகளில் தேடினேன். தம்பி எழுதியது இல்லை. உயிரோடு இருக்கிறார் என்று நான் போட்டதற்கு அவர் ஒருவருடைய லைக் மட்டும் இருந்தது. அதை வாசித்ததும் தன் இரங்கலை அழித்திருக்கிறார்.

நாளை மாமாவிடம் என்ன சொல்ல?