விற்காத படகு

என் கோபக்காரருக்கு,

நம் படகை விற்றுவிடும்படி ட்ரினிடாடிலிருந்து எழுதியிருந்தீர்கள். வாங்க ஆள் வந்தது. நம் விரிகுடாவில் பாய்க்கப்பலை நங்கூரமிட்டிருக்கும் டச்சுத் தம்பதி, யோஸ்டும் மரைக்காவும். “ஓட்டிப் பாத்துட்டுத்தான் வாங்குவோம்” என்றாள் மரைக்கா.

நேற்று நம் கரியாக்குத் தீவில் பாய்மரப் படகுப் போட்டி. அதிலேயே பார்க்கட்டும் என்று இருவரையும் ஏற்றிக்கொண்டேன். சுக்கான் என் கையில்!

கரையிலிருந்து உங்கள் தம்பி கத்தினார்: “அண்ணி, அது கரண்டி பிடிக்கிற வேல இல்ல!”

“நீ உலைய வை தம்பி, ஜெயிச்சுட்டுப் பசியோட வருவேன்!”

முனையைச் சுற்றும்போது காற்று அறைந்தது. படகு சாய்ந்து தண்ணீர் புகுந்தது. யோஸ்ட் வாளியால் இறைத்தார். மரைக்கா படகை நிமிர்த்த மறுபக்கம் வெளியே தொங்கிச் சிரித்தாள். நான் பாயைத் தளர்த்தவே இல்லை. மூன்று படகுகளைத் தாண்டி, முதலில் வந்துவிட்டோம்! கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன், நீங்கள் தொலைபேசியை எடுப்பதில்லை என்பதால் அல்ல.

“இப்பவே வாங்கிக்கிறோம்” என்றார் யோஸ்ட். மரைக்கா என் முகத்தைப் பார்த்தாள். “சும்மா இருங்க. அவங்க விக்க மாட்டாங்க” என்று அவரை இழுத்துப்போனாள்.

இன்று காலை அவர்கள் கிளம்பிவிட்டார்கள். படகு இங்கேதான் இருக்கிறது. விற்றே ஆகவேண்டுமென்றால், நீங்களே நேரில் வந்து விற்றுக்கொள்ளுங்கள்.

இன்னமும் உங்கள்
மனைவி