சர்க்கரை எனக்கில்லை, பிரவீணாவுக்கு

என்னங்க,

அடை ஹாட்பாக்ஸில் இருக்கிறது. பாலைச் சூடு பண்ணிக் காபி கலந்துகொள்ளுங்கள்.

காலையில் நான் சர்க்கரை பார்க்கப் போனபோது, துணைக்கு வந்த நம் பிரவீணாவும் சும்மா ரத்தம் கொடுத்தாள். எனக்கு ஒன்றுமில்லை. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது. பெயர் மாறிவிட்டதோ என்று மறுபடி பார்க்கச் சொன்னேன். அவளுடையதுதான்.

"நாள் முழுக்க லேப்டாப் முன்னாடியே உக்காந்தா இப்படித்தாம்மா. இப்பவே தினமும் நடந்தா மாத்திரை இல்லாமலே குறைக்கப் பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

பிரவீணா வீட்டு வாசலில் நின்று, "எம்மா, உன் வயசுல வர வேண்டியது எனக்கு இப்பவே வந்துட்டுதா?" என்று கேட்டாள்.

"வாக்கிங்லாம் நம்ம வயசுக்குத்தான், சின்னப் பொண்ண இன்னாத்துக்கு இழுக்கிற" என்று நேற்று நீங்கள் கத்தியதை இப்போது பேச வேண்டாம். அவளையும் திட்டாதீர்கள். இரண்டு பேரும் கோட்டை வாசல் வரைக்கும் நடக்கப் போகிறோம்.

ஞானம்

இன்னொன்று. கடையை இன்றைக்கு ஆட்கள் பார்த்துக்கொள்ளட்டும். செருப்பு மாட்டும்போது, "நைனாவும் வருமா?" என்று கேட்டாள். நீங்கள் வருவீர்கள் என்று சொல்லிவிட்டேன்.