அந்த மூன்றாவது நாவலை முடித்துவிடு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் எங்களைவிட ஒரு படி கூடுதலாகச் சுகமாக இருக்க வேண்டும். இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதியது. இது நானே எழுதுவது. மாலை வகுப்பில் சேர்ந்து பதினான்கு மாதமாகிறது, இந்தக் கடிதத்தைத் தொடங்கி நாலு நாளாகிறது. எழுத்து கோணலாக இருந்தால் சிரித்துக்கொள், ஆனால் முழுக்கப் படி. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கடைக்கு மோட்டார் வைத்த தையல் மெஷின் வாங்கியாயிற்று, சத்தம் குறைவு, அதனால் துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் பேசுவதெல்லாம் காதில் விழுகிறது, அது ஒன்றுதான் தொல்லை.

போன வாரம் நீ போனில் அழுததை அம்மா சொன்னாள். புனைபெயரில் எழுதுவது நீதான் என்று மாப்பிள்ளையின் அலுவலகத்தில் தெரிந்துபோய், எவனோ ஒருவன், "வீட்டம்மா இப்படி உருகி உருகி எழுதுறாங்களே, அந்த ஆள் யாரு சார், நிச்சயமா நீங்க இல்ல" என்று கேட்டானாம், எல்லோரும் சிரித்தார்களாம். அதற்காகப் பாதி எழுதிய மூன்றாவது நாவலை அப்படியே மூடிவைத்துவிட்டு, இனி எழுத மாட்டேன் என்று இந்த மாதக் கடைசியில் பதிப்பகத்தாரிடம் சொல்லப்போகிறாயாம். சொல்லாதே. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் முதல் நாவலைப் படித்து முடித்துவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், குற்றம் கண்டுபிடிக்கத்தான் கையில் எடுத்தேன். பக்கத்து மருந்துக்கடைக்காரர் பத்து வருஷத்துக்கு முன்னால், "காதல் கதைன்னா அப்படி இப்படித்தான் இருக்கும் மாஸ்டர், அனுபவிக்காம எழுத வருமா" என்றது மனதில் முள்ளாகக் கிடந்தது. அந்த அப்படி இப்படி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிக்கொண்டு, விரல் வைத்து, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் படித்தேன். அந்த நர்ஸ் பெண்ணும் படகோட்டியும் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தினார்களே, அந்த இடத்தில் நான் தேட வந்ததே மறந்துவிட்டது. உன் புத்தகத்தில் அது நாற்பத்தோரு பக்கம், எனக்கு நாற்பத்தோரு நாள். தாங்க முடியாமல் அம்மாவிடம், "சேருவாங்களா மாட்டாங்களா, அதை மட்டும் சொல்லிடேன்" என்று கெஞ்சினேன். "அவ்வளவு அவசரம்னா வேகமா படிங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அவர்கள் சேர்ந்த அன்று சந்தோஷத்தில் ஒரு வாத்தியாருடைய பேண்ட்டுக்கு இரண்டு காலையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன்.

முந்தாநாள் மருந்துக்கடைக்காரர் மறுபடி வந்து, "முடிவு முன்னாடியே தெரிஞ்ச கதையில என்ன இருக்கு மாஸ்டர்" என்று ஆரம்பித்தார். மெஷினை நிறுத்தினேன். "சட்டைக்கு ரெண்டு கைதான்னு தெரிஞ்சுதானே தைக்கக் குடுக்குறீங்க? தோள்ல சரியா உக்காந்திருக்கான்னுதானே கண்ணாடியில திரும்பித் திரும்பிப் பாக்குறீங்க?" என்றேன். அவர் விடாமல் அனுபவப் பாட்டைப் பாடினார். "நாப்பது வருஷமா போலீஸ் உடுப்பு தைக்கிறேன், எத்தனை பேரைப் பிடிச்சு உள்ள போட்டேன்?" என்று கேட்டேன். கடையே சிரித்தது. இதெல்லாம் பொழுதுபோகாதவர்கள் ஒரே மூச்சில் எழுதித் தள்ளுவது என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். அவருக்கு எங்கே தெரியப்போகிறது. பார்க்கச் சுலபமாக இருக்கிற இடம்தான் மூன்று தடவை பிரித்துத் தைத்த இடம். அந்த நர்ஸ் பெண் கரையில் விட்டுப்போன செருப்பைப் படகோட்டி துடைத்துப் படகில் வைக்கிறானே, அந்த நாலு வரியை எத்தனை தடவை பிரித்தாய், எனக்கு மட்டும் சொல்.

இவ்வளவு பேசுகிற நான்தான் அன்று அவர் பேச்சைக் கேட்டு, ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாமல், "என் பேரு அதுல வந்தா தெருவுல தலை காட்ட முடியாது" என்று உன்னிடம் கத்தினேன். நீ வேறு பெயர் வைத்துக்கொண்டாய். தப்பு என்னுடையது. நீ ஒளிந்து எழுதுவதால்தான் ஒளிக்க ஏதோ இருக்கிறது என்று நினைக்கிறார்கள். மூன்றாவது நாவல் உன் சொந்தப் பெயரில் வரட்டும், முன்னால் என் பெயரின் முதல் எழுத்தும் இருக்கட்டும். கேட்கிறவர்கள் என்னிடம் வந்து கேட்கட்டும், கடை காலை ஒன்பது மணிக்குத் திறந்திருக்கும். மாப்பிள்ளையிடம் சொல், அடுத்த தடவை எவனாவது கேட்டால் கூச்சப்படாமல், "அந்த ஆள் நான்தான், ஆட்டோகிராஃப் வேணுமா" என்று கேட்கட்டும்.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடியில்லாமல், நினைத்ததை எழுதி, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, குனிந்தே உட்கார்ந்து எழுதாதே, முதுகு போய்விடும். உன் இரண்டாவது நாவலை இன்று தொடங்குகிறேன். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், என் வேகத்துக்கு ஏழு மாதம். அது முடிகிற அன்று மூன்றாவது என் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வாசகனான
அப்பா