எஸ்ரன் வீட்டுக்குப் போன கிறிஸ்மஸ் தட்டு

தெல்தோட்டை
14.09.2025, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஷாமலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

அந்தோனியார் காவலில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் நீ வேலைக்கு நின்று பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியம்மாவும் சைப்பிரஸில் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டுமென்று இன்றைய பூசையிலும் மன்றாடினேன். அதற்குமேல் நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை மகள், வயிறு எரிந்துகொண்டிருக்கிறது. போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், பிறகு லைன் கட்டாகிவிடுகிறது. அதனால்தான் லீவு முடிந்து சனிக்கிழமை உங்கள் பக்கம் திரும்பும் ஷிராணியின் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். மிளகாய்த்தூளும் உனக்குப் பிடித்த மாசிச் சம்பலும் அதே பையில் இருக்கிறது. முதலில் கடிதத்தைப் படி, பிறகு சம்பலைத் திற.

தீர்ப்பு இரண்டாம் திகதி செவ்வாய்க்கிழமை வந்தது என்று உனக்குத் தெரியும், எப்படி வந்தது என்று தெரியாது. நீதவான் நாற்பது நிமிடம் சிங்களத்தில் வாசித்தார். அப்பா நின்றபடியே ஒவ்வொரு சொல்லையும் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மொழிபெயர்ப்பாளர் எங்கள் பக்கம் திரும்பி, எதிரி விடுதலை, நீங்க போகலாம் என்றார். நாற்பது நிமிடத்துக்கு எங்களுக்குக் கிடைத்த தமிழ் அவ்வளவுதான். கூண்டிலிருந்து இறங்கிய எஸ்ரன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான். பக்கத்துக் காணிக்காரன், உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயில் கொடியேற்றத்துக்குப் போனவன், அவன்தான் சிரித்தான்.

நடந்ததை நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது, அதனால் திரும்பவும் எழுதுகிறேன். உன் பெயரில் உறுதிப் பத்திரம் எழுதிய பத்துப் பேர்ச் காணியின் பின்பக்கத்தில் மலை ஊற்றிலிருந்து பீலிக் குழாயில் தண்ணீர் விழுகிற துண்டு இருக்கிறதே, அதன் மேல்தான் எஸ்ரனுக்குக் கண். 2022 நவம்பரில் சேர்வேயர் நட்டுவிட்டுப் போன எல்லைக் கட்டையைப் பிடுங்கி, பீலி தன் பக்கம் வரும்படி நான்கடி உள்ளே தள்ளி நட்டிருந்தான். அப்பா சண்டைக்குப் போகவில்லை, கட்டையை எடுத்துப் பழைய குழியில் வைக்கத்தான் போனார். குனிந்திருந்தவரின் கையில் கவ்வாத்துக் கத்தியால் வெட்டினான். தேயிலைச் செடியை ஒரே வீச்சில் கழிக்கிற கத்தி அது, மணிக்கட்டு என்ன தாங்கும்? நான் பின்வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தேன், என் கண்ணால் பார்த்தேன். மேலே மலையில் வேலையில் நின்ற நம் வரிசைக் கணபதியும் பார்த்தார், அவர்தான் ஓடிவந்து சாரத்தைக் கிழித்துக் கட்டுப்போட்டார். கண்டி பெரியாஸ்பத்திரியில் இரண்டு முறை நரம்பு தைத்தும் வலக்கையின் மூன்று விரல் மடங்கவில்லை. முப்பது வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்து கொழுந்து நிறுத்துத் தினமும் கையெழுத்துப் போட்ட மனிதர், இன்றைக்கும் சட்டைப் பொத்தானுக்கு என்னைக் கூப்பிடுகிறார்.

இவ்வளவும் இருக்க எப்படி விட்டார்கள் என்று கேட்பாய். அப்பாவே மானாப்புல் வெட்டும்போது கை தவறி வெட்டிக்கொண்டார் என்று அவர்கள் பக்கம் சொன்னார்கள். டாக்டரின் அறிக்கை இரண்டு விதமாகவும் நடந்திருக்கலாம் என்றது. கணபதி கூண்டில் ஏறி, அன்னிக்கு ஒரே மூட்டமுங்க, ரெண்டு பேரோட முதுகுதான் தெரிஞ்சிச்சி என்று சொல்லிவிட்டு இறங்கினார். எஸ்ரனின் தம்பி மகளைத் தன் மகனுக்குப் பேசி வைத்திருக்கிறார், மூட்டம் வராமல் என்ன செய்யும்! அவரைக்கூட நான் மன்னித்தாலும் மன்னிப்பேன். என்னைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை மகள். எஸ்ரனை விடுதலை செய்யக் கிடைத்த பெரிய காரணத்தை நான்தான் என் கையால் தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

அந்த வருடக் கிறிஸ்மஸ் உனக்கு நினைவிருக்கும், அப்பா மாவுக்கட்டோடு இருந்தார். எஸ்ரன் பிணையில் வந்து வீட்டில் இருந்தான். நம் வரிசையில் பதினொரு வீடு, பதினொரு வீட்டுக்கும் பலகாரத் தட்டு போகும், வேதக்காரர் வீடா சைவ வீடா என்று பார்ப்பதில்லை. தட்டுப் போகாத வீடென்றால் அது அந்த வருடம் சாவு விழுந்த வீடு, துக்கம் காக்கிற வீடு. எஸ்ரன் வீட்டை மட்டும் விட்டால் அங்கே இழவு விழட்டும் என்று நான் நினைத்த மாதிரி ஆகிவிடுமே, அதில் மூன்று சின்னப் பிள்ளைகள் இருக்கிறதே என்று பயந்தேன். அப்பாவிடம் கேட்டேன், அனுப்பு, பிள்ளைங்க என்ன பண்ணிச்சு என்றார். கேக், கொக்கிஸ், முறுக்கு, நாலு கதலிப்பழம், மேலே துணி போட்டு மூடி அனுப்பினேன். அவன் பெண்சாதி துஷ்யந்தி வழக்கம்போலத் தட்டில் சீனி போட்டுத் திருப்பி அனுப்பினாள். வேலி வழியாக ஒரு சொல் பேசவில்லை, தட்டு போனது, தட்டு வந்தது, அவ்வளவுதான்.

இது எப்படித்தான் அவனுடைய லோயருக்குத் தெரிந்ததோ, துஷ்யந்திதான் சொல்லியிருக்க வேண்டும். என்னைக் கூண்டில் வைத்துத் தேன் ஒழுகுகிற குரலில் கேட்டார், சம்பவம் நடந்து ஆறு வாரத்தில் எதிரியின் வீட்டுக்குப் பலகாரம் அனுப்பினீர்களா அம்மா என்று. நான் பைத்தியக்காரி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஆமாங்க, அனுப்புனேன், எல்லாருக்கும் அனுப்புனேன் என்றேன். எங்கள் நல்ல மனதை நீதவான் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். அவர்கள் சீனி போட்டுத் திருப்பினார்களா என்று கேட்டார், அதற்கும் ஆமாங்க என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அந்த நன்றிக்கு அர்த்தம் தீர்ப்பன்றுதான் தெரிந்தது. கணவனின் கையை வெட்டியவன் என்று சொல்லப்படுபவனுக்கு மனைவி பலகாரம் அனுப்பியது இயல்பான நடத்தை அல்ல, ஆகவே அவளுடைய சாட்சியத்தில் நியாயமான சந்தேகம் எழுகிறதாம். தீர்ப்பின் பிரதியை எடுத்து வாசித்துக் காட்டியபோது நம் லோயர் ஜஹானாவே தலையில் கை வைத்துக்கொண்டார். பதினொரு வீட்டுக்கும் போனது என்று நான் சொன்னது அந்தத் தீர்ப்பில் ஓரிடத்திலும் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்குத் தலை வெடிக்கிறது.

தீர்ப்பன்று எஸ்ரன் தேயிலை ஸ்டோர் சந்தியில் வெடி கொளுத்தினான். பாற்சோறு ஆக்கி வரிசையில் எல்லா வீட்டுக்கும் அனுப்பினான். எல்லா வீட்டுக்கும் என்றால் நம் வீட்டுக்கும். அவனுடைய மூத்த மகள் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தட்டைத் துணி எடுக்காமல் அப்படியே திருப்பி அனுப்பினேன். பிள்ளை அழுதுகொண்டு போயிற்று. நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன், இரக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். மனிதனை மனிதனாக நடத்துவதற்குக்கூட இனிமேல் ஒரு லோயரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டுமா?

இன்றைக்குத் திருச்சிலுவைத் திருநாள். பாதர் பிரசங்கத்தில் மன்னிப்பைப் பற்றியே பேசினார், பேசும்போது இரண்டு முறை என் பக்கம் பார்த்தார். பூசை முடிந்து கூப்பிட்டு, வழக்கை இதோடு விட்டுவிட்டால் மனசுக்குச் சமாதானம் டொரதி என்றார். மன்னிப்புக் கேட்டவனைத்தானே பாதர் மன்னிக்கலாம், அவன் ஒண்ணுமே நடக்கலங்கிறானே, நான் எதை மன்னிக்கிறது என்று கேட்டேன். அவர் பாவம், அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். ஊரெல்லாம் இப்படித்தான் சமாதானம் சமாதானம் என்கிறது. வெட்டு வாங்கியவன் வாயை மூடிக்கொண்டால் அதற்குப் பெயர் சமாதானம்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். எஸ்ரன் உனக்கு வட்ஸ்அப்பில் பேசினான் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும், அந்த மட்டில் நீ மறைக்கவில்லை, சந்தோஷம். பீலித் துண்டை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறானாம், நீ வரத் தேவையில்லையாம், உனக்குப் பதிலாக இங்கே ஒருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கிற அற்றோணி தத்துவக் கடதாசியை அனுப்புவானாம், நீ அங்கேயே ஒரு அதிகாரி முன்னால் கையெழுத்து வைத்தால் போதுமாம். நீயும், அந்த நாலடிய குடுத்துட்டு நிம்மதியா இருங்கம்மா, அப்பாவே விட்டுட்டாரு, நீங்கதான் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க என்கிறாய். உன் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. நாளைக்கு எங்களுக்கு இன்னொன்று நடந்தால் ஓடிவர முடியாத தூரத்தில் இருக்கிறாய். ஆனால் அப்பா விட்டுவிட்டார் என்று எந்த வாயால் சொன்னாய்? அவர் பேசாமல் இருக்கிறார் என்றால் விட்டுவிட்டார் என்று அர்த்தமா? கேள், போன வியாழக்கிழமை என்ன நடந்தது என்று.

கண்டியில் குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஜஹானாவின் ஒஃபீசுக்கு நடந்தே போனோம். நீதவான் விட்டதற்கு எதிராக நாமாக நேரே மேன்முறையீடு செய்ய முடியாதாம். ஒங்களுக்கு நேரா அப்பீல் போட ஏலாது அன்ரி, சட்டமா அதிபர் எழுத்துல சம்மதம் தரணும், அதுக்குக் கடிதம் அனுப்பிட்டேன், அது வந்தாலும் வராட்டியும் மேல் நீதிமன்றத்துல மீளாய்வு மனு ஒண்டு போடுவோம், ஆனா சுணங்கக் கூடாது என்று அந்தப் பிள்ளை பொறுமையாகச் சொன்னது. மனுவோடு அப்பாவின் சத்தியக்கடதாசி வேண்டும். எல்லாம் தட்டச்சு செய்து தமிழில் வாசித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட முடியாதவர் என்று கிளார்க் மை டப்பாவை எடுத்து அப்பாவின் பெருவிரல் பக்கம் தள்ளினார். அப்பா அதை அப்படியே மேசையின் அந்தப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டார். பேனை தாங்க என்றார். இடக்கையில் பிடித்து எழுதத் தொடங்கினார் மகள், வலன்ரைன் என்று ஐந்தெழுத்து. மூன்றாவது எழுத்தில் கடதாசி கிழிந்துவிட்டது. கிளார்க் மறுபடியும் மை டப்பாவைப் பார்த்தார், ஜஹானா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்னொரு பிரதி எடுக்கச் சொன்னார். இரண்டாவதில் முழுப் பெயரும் எழுதினார், வேர்த்துக் கொட்டியது, வெளியில் ஆட்கள் காத்திருந்தார்கள், யாரும் அவசரப்படுத்தவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வாய் திறந்தார். கை போனது போகட்டும் டொரதி, நான் பொய் சொன்னேன்னு எழுதி வச்சிருக்காங்களே, அத வச்சிக்கிட்டு நான் சாக மாட்டேன் என்றார். மூன்று வருடத்தில் அவர் அந்த வழக்கைப் பற்றி என்னிடம் பேசியது அது ஒன்றுதான். இனி நீ அவரைப் பற்றி அப்படிச் சொல்லாதே.

காணியை விற்றால் வழக்குக்கு என்ன என்று நீ கேட்டதை நானும் ஜஹானாவிடம் கேட்டேன். சட்டப்படி அது வேறு, இது வேறுதான் என்றார். ஆனால், கொக்கிஸ் ரெண்டு குடுத்ததுக்கே இவ்வளவு கதைச்சாங்க அன்ரி, காணியே குடுத்தா என்ன கதைப்பாங்க என்றார். நான் தெரியாமல் செய்தேன், வழக்கமென்று செய்தேன். நீ தெரிந்துகொண்டே செய்யாதே.

உடம்பைப் பார்த்துக்கொள், வெறும் பாணைத் தின்றுவிட்டு வேலைக்குப் போகாதே, குளிர் தொடங்குமுன் நல்ல காலுறை வாங்கு. அந்தப் பெரியம்மாவிடம் கோபத்தைக் காட்டாதே, கோபமெல்லாம் எனக்கு அனுப்பு, என்னிடம் இடமிருக்கிறது. மாதா உன்னை மடியில் வைத்துக் காக்கட்டும், அப்பாவின் ஆசீரும் என் ஆசீரும் உன் தலைமேல் இருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதே மகள். எஸ்ரனின் கடதாசி எப்படியும் உன்னைத் தேடி வரும், பக்கத்தில் பேனையும் வைப்பார்கள். உனக்கு இரண்டு கையும் சுகமாக இருக்கிறது. அதில் ஒன்றைக்கூட அந்தக் கடதாசியில் வைக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
டொரதி வலன்ரைன்