பதினேழாம் பக்கத்துப் பொய்

மார்ச் 4
கம்பெனியின் நிலைத்தன்மை அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். எந்த அரசாங்கமும் கேட்காமல், நமக்கு நாமே அச்சடித்துக்கொள்ளும் நற்சான்றிதழ். மரம், தண்ணீர், மகளிர் நலம். அந்த மகளிர் நான்தான். என் படம் மூன்று இடத்தில். மூன்றிலும் தாடை இரட்டை.

மார்ச் 6
தகடு வெட்டும் எந்திரம், அதை ஓட்டும் தம்பியின் இரண்டு விரல் நுனியை எடுத்துவிட்டது. அதற்குத் தடுப்பு வலை கிடையாது. வலை கேட்டுக் கேட்டு அலுத்தவனும் அவனேதான்.

மார்ச் 7
காலையில் பார்த்தால் என் மேஜைக்கு எதிரே அவன்! கையில் தலையணை மாதிரி கட்டு. கம்பெனி கார் போய் அள்ளிக்கொண்டு வந்ததாம். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் விபத்துக் கணக்கில் ஏறுமாம். வந்து சும்மா உட்கார்ந்தாலும் ஏறாதாம். மேனேஜர் என் காதோரம், "விபத்து பூஜ்யம்னே போட்டுடுங்க மேடம்."
என்ன ஜென்மங்கடா இவங்க! அவன் வலியில உதட்டைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான், எதிர்ல நான் 'பாதுகாப்பே எங்கள் மூச்சு'ன்னு தட்டிக்கிட்டிருக்கேன். த்தூ. எனக்கும் சேர்த்துத்தான்.

மார்ச் 10
'விபத்து: ஒன்று' என்று எழுதினேன். மேனேஜர் அடித்தார். மறுபடி எழுதினேன். மறுபடி அடித்தார். "வேலை முக்கியமில்லையா?" என்கிறார் என் வீட்டுக்காரர். முக்கியம்தான். அதுதானே எரிகிறது! பூஜ்யம் என்றே போட்டேன்.

மார்ச் 12
பொழுது போகாமல் தம்பி என் அறிக்கையைப் படிக்கிறான். முழுசாக! நாலு வருஷத்தில் என் முதல் வாசகன். முதலாளிகூடத் தன் படம் உள்ள பக்கத்தோடு சரி.
பதினேழாம் பக்கத்தில் நின்றான். "அக்கா, எல்லா எந்திரத்துக்கும் தடுப்பு வலை இருக்குன்னு போட்டிருக்கு?"
போன வருஷ அறிக்கையிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டது. மானம் போயிற்று. "எடுத்துடறேன்பா."
"ஐயோ வேணாம்க்கா. இருக்கட்டும்."

ஏப்ரல் 2
வெளியீட்டு விழா. 'பாதுகாப்பே எங்கள் மூச்சு' என்று முதலாளி ஒரு மணி நேரம் மூச்சுவிட்டார்.

ஏப்ரல் 3
வெட்டுப் பிரிவில் ஒருத்தரும் எந்திரத்தைத் தொடவில்லை! பதினேழாம் பக்கத்தை நகலெடுத்து எந்திரத்துக்கு ஒன்றாக ஒட்டியிருக்கிறார்கள். மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு, "அது நாமளா எழுதிக்கிறதுப்பா, எந்தச் சட்டமும் கேக்கல."
"சட்டம் கேக்கல சார். நாங்க கேக்கறோம்," என்றான் தம்பி. "நம்ம சரக்கு வாங்கறவங்க கையிலயும் இதே புத்தகம்தானே இருக்கு? அவங்களையும் கேக்கச் சொல்லவா?"
மேனேஜர் முகத்தை நாலு பேரிடமாவது நடித்துக் காட்டியிருப்பேன்.

ஏப்ரல் 9
ஆறு எந்திரத்துக்கும் வலை வந்தது. விபத்துப் பக்கத்தில் பூஜ்யம் அப்படியே இருக்கிறது. அவன் விரலுக்கு ஒரு வரி கிடையாது.

பிப்ரவரி 11
புது வருஷ அறிக்கை ஆரம்பம். டீ நேரத்தில் வெல்டிங் பிரிவுப் பெண் இருமிக்கொண்டே வந்தாள். "அக்கா, எங்க பக்கம் புகையை உறிஞ்சற விசிறி இருக்குன்னு ஒரு பொய் எழுதிடுங்களேன்."
எத்தனை விசிறி வேணும்னு கேட்டேன்.