நீங்கள் சொல்லி முடிப்பதற்காக மூடிய கீ

நேற்றுக் காலை உங்கள் அண்ணன் மகள் அந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் காலேஜில் வைத்திருந்ததுதானே, உங்கள் கருமாதி முடிந்ததும் அவளே எடுத்துப் போயிருந்தாள். மேசையில் வைத்துத் திறந்தவுடன் முதுகுவலி பிளாஸ்டர் வாடை குப்பென்று வந்தது. எத்தனை துடைத்தும் போகவில்லை போலிருக்கிறது. நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

"சித்தி, இந்த ஜன்னல் படம் போட்ட கீ வேலை செய்யல லா. சித்தப்பா தட்டித் தட்டி உடைச்சிட்டாரா?"

உடைக்கவில்லை, நாங்கள்தான் மூடிவைத்தோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவளிடம் சொல்ல முடியாததை உங்களுக்கு எழுதுகிறேன். நான் எழுதினால் கோழி கிளறியது மாதிரி இருக்கும் என்பீர்கள். இருக்கட்டும்.

ரந்தாவ் தோட்டத்தில் உங்கள் குரலுக்கு லாரி நிற்கும். எண்ணெய்க்குலை வெட்டும் செம்பனை மரத்தடியில் இருந்து நீங்கள் கத்தினால் ரோட்டில் போகிற டிரைவர் பிரேக் போடுவான். புற்று வந்து அந்தக் குரல்வளையைத்தான் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். கழுத்தில் ஓர் ஓட்டை மட்டும் மிச்சம். கொஞ்ச நாளில் வலது கையும் வீங்கிப்போய்ப் பேனா பிடிக்க வராமல் ஆனது. மிஞ்சியது இடது கை. அதிலும் சுண்டுவிரல், செம்பனை முள் குத்திச் சீழ் வைத்த நாளில் இருந்து கொக்கி மாதிரி மடங்கியே நின்றது.

உங்கள் அண்ணன்தான் லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. தமிழ் எழுத்தைப் பெரிதாக வைத்துக் கொடுத்தாள் அவர் மகள். நீங்கள் தட்ட, நான் எழுத்துக் கூட்டி வாசிக்க, நமக்குள் மறுபடி பேச்சு வந்தது. நீங்கள் முதலில் என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "இது ரசமா, பாத்திரம் கழுவுன தண்ணியா?" வாசித்துவிட்டு நான் அழுதேன். ரசத்துக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டீர்கள்.

ஆனால் அந்த மடங்கின விரல் விழுகிற இடத்தில்தான் ஜன்னல் கீ இருந்தது. பாதி வார்த்தையில் விரல் அதில் பட்டால் போதும், திரையில் ஏதேதோ படங்கள் எழும்பி வந்து நீங்கள் சொல்ல வந்ததை மறைத்துவிடும். மிச்ச எழுத்து எங்கேயோ போய் விழும். நீங்கள் மேசையைக் குத்துவீர்கள்.

தொடக்கூடாததை மூடி ஒட்டிவைப்பதுதானே தோட்டத்தில் நம் வழக்கம். தேத்தூள் பெட்டி அட்டையை மடித்துக் கீ மேல் வைத்து, முதுகுக்கு ஒட்டுகிற பிளாஸ்டரை அதன் மேல் ஒட்டினேன். கீ இன்னும் உயரமாகிப்போனது. விரல் சும்மா உரசினாலே அமுங்கியது. "நீ கீய மூடல புள்ள, என் விரலுக்கு மேடை கட்டிக் குடுத்திருக்க" என்று தட்டினீர்கள். அதற்குள்ளேயே ரெண்டு தரம் படம் எழும்பியது.

சிரித்ததெல்லாம் அவ்வளவுதான். நோய் திரும்பிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு வீட்டில் சிரிப்பு இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அண்ணன் காரோடு வந்து நின்றார். மறுபடி அட்மிட் பண்ணி மறுபடி மருந்து ஏற்ற வேண்டும் என்றார். நீங்கள் தலையை ஆட்டினீர்கள்.

"பயப்படறான்" என்றார்.

"அவருக்கு இஷ்டமில்லைங்க" என்றேன்.

"நீ சும்மா இரும்மா. புள்ள குட்டி இல்லாத வீடு, நாங்கதான பாக்கணும்? அவனே சொல்லட்டும்."

நீங்கள் லேப்டாப்பை இழுத்துத் தட்டினீர்கள். 'அண்ணே என்ன' என்று வருவதற்குள் படம் எழும்பிவிட்டது. மறுபடி தட்டினீர்கள். எங்கோ மழை வருமா என்று காட்டுகிற பக்கம் திறந்துகொண்டது.

"பாத்தியா? கேக்கறது ஒண்ணு, தட்டறது ஒண்ணு. தம்பிக்கு நெனப்பே நெலையா இல்ல லா. அடுத்த வாரம் வரேன், துணிமணி எடுத்து வை" என்று எழுந்தார். உங்கள் கண்ணில் தண்ணீர். அப்படி ஒரு தண்ணீரை உங்கள் அம்மா செத்தபோதுகூட நான் பார்க்கவில்லை.

மறுநாள் லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிச் சிரம்பான் போனேன். கம்ப்யூட்டர் கடைப் பெண் கீயை அமுக்கிப் பார்த்தாள். "ஆன்ட்டி, கீ நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்கறத ஏன் சாவடிக்கச் சொல்றீங்க?"

"அது உயிரோட இருந்தா என் வீட்டுக்காரர் பேச முடியாதும்மா" என்றேன். அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். கீயைக் கழற்றவில்லை. உள்ளே ஏதோ போட்டு, அணைத்து, திறந்தாள். "இனிமே இத அமுக்குனா ஒண்ணும் செய்யாதேன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிட்டேன்" என்றாள். பிளாஸ்டரையும் அவளே உரித்துப் போட்டாள்.

உங்கள் அண்ணன் வந்தார். நீங்கள் நிதானமாகத் தட்டினீர்கள். விரல் அந்தக் கீயில் பட்டுப் பட்டு எழும்பியது. ஒரு படமும் வரவில்லை.

"அண்ணே, ஆஸ்பத்திரி வேணாம். ஊசி வேணாம். இந்த வீட்டுலயே கெடந்துட்டுப் போறேன். அவ மேல கோவப்படாதீங்க."

அவர் திரையை இன்னொரு தரம் வாசித்தார். "சரி. அவனே சொல்லிட்டான்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

வீட்டில் சாவது நிம்மதி என்கிறார்கள். நான் பார்த்தது நிம்மதி இல்லை. கழுத்து ஓட்டையில் சளி கட்டி, நெஞ்சு மேலும் கீழும் இழுத்து, கண் பிதுங்கி... எழுத வேண்டாம். மழை கொட்டிய அந்த மத்தியானம் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். வாசலைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். லேப்டாப்பை உங்கள் கைக்கடியில் வைத்தேன். விரல் அசையவில்லை. எல்லாக் கீயும் செத்த மாதிரி இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமாங்க?" என்றேன். பிடி இறுகியது.

"வேணாமாங்க?" என்றேன். அதற்கும் இறுகியது.

போன் என் மடியில் இருந்தது. நான் எடுக்கவில்லை. நீங்கள் தட்டிய வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டேன். மழை விடுவதற்குள் போய்விட்டீர்கள்.

உங்களை எடுக்கும் நாளில், அவர் மகள் வந்து சேர்வதற்கு முன், கீயை மூடிய கதையை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு உங்கள் அண்ணன் எல்லார் முன்னாலும் சொன்னார்: "நீ அந்தக் கீய மூடாம இருந்திருந்தா அன்னைக்கே அவனத் தூக்கிட்டுப் போயிருப்பேன்."

நேற்று அவர் மகளே அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "உள்ள ஏதோ புரோகிராம் போட்டிருக்கு சித்தி. எடுத்துரவா?" என்றாள். எடுத்துவிடு என்றேன். கீயை அமுக்கினாள். அந்தப் படங்கள் எழும்பி வந்தன. தேத்தண்ணி குடித்துவிட்டு லேப்டாப்போடு போய்விட்டாள்.

உங்கள் அண்ணன் இனிமேல் கேட்டால் சொல்ல எனக்குப் பதில் இருக்கிறது. நீங்கள் தட்டியது ஒரு எழுத்து விடாமல் மனப்பாடம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பிடியை யாரிடம் கொண்டுபோய்க் கேட்பேன்? பாத்திரம் கழுவும்போது மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். கூட்டிப் போ என்று பிடித்தீர்களா, விட்டுப் போகாதே என்று பிடித்தீர்களா? ஒரு நாள் ஒன்றை நம்பிச் சோறு தின்கிறேன். மறுநாள் மற்றது வந்து நிற்கிறது, சோறு இறங்குவதில்லை.