மச்சினன் கையில் கயிறு

மச்சான்,

காலையிலிருந்து மழை. கதவுக்குப் பின்னால் தொங்கும் உம்முடைய குளிகயிறு ஈரம் வாங்கி உப்பு மணக்கிறது. "அதைத் தூரப் போடுல" என்கிறாள் அக்கா. போடமாட்டேன்.

முத்துக்கோ சங்குக்கோ கல்லின் கனத்தோடு கடலில் மூழ்கிக் குளிக்கிறவன், தன்னை மேலே இழுக்கும் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பான். அக்கா தாலியை நினைத்தாவது விடமாட்டான் என்று நம்பிக்கை. பதினோரு வருஷம் உம் கயிற்றை நான் பிடித்தேன். புதுத் துறைமுகத்துக்குக் கல் இறக்கிக்கொண்டிருந்த வருஷம் உமக்குத் தலையில் கட்டி. வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். அபூர்வமான கட்டி என்றார்கள். மூன்றாம் வருஷம் ஈரல் வீங்கியது. மறுபடி அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வயிற்று டாக்டர் உம் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "கடல்காரன்தானே, குடிச்சிருப்பான்" என்றார். சாராய வாடையே ஆகாத மனுஷர் நீர்! எனக்கு ரத்தம் கொதித்தது. முன்பு தலைக்கட்டியை வெட்டிய டாக்டரிடம் ஓடினேன். "தலைக்கட்டி வயித்துக்கு இறங்காதுய்யா" என்றார். புற்றுக்கட்டியைக் கருக்கக் கரண்ட் வைக்கிற டாக்டரோ, "அவங்க ரெண்டு பேரும் எழுதித் தரட்டும்" என்றார். சீட்டைத் தூக்கிக்கொண்டு மூன்று கட்டடத்துக்கும் நாலு நாள் நாயாய் அலைந்தேன். நீர் கட்டிலில் கிடந்தபடி சிரித்தீர்.

"ஏலே, கல்லை இழுக்கவன் ஒரு வள்ளத்துல, கயித்தை இழுக்கவன் வேற வள்ளத்துல இருந்தா, குளிக்கவன் கதி என்னல?"

மறுநாள் காலை உம்மைத் தள்ளுவண்டியோடு தலை டாக்டர் வாசலில் நிறுத்தினேன். "மூணு பேரும் ஒண்ணா நின்னு இவரைப் பாக்கணும். அதுவரைக்கும் நகர மாட்டேன்" என்று கத்தினேன். காவலாளி என் பிடரியில் கை வைத்தான். சத்தம் கேட்டு வெளியே வந்த டாக்டர் உம்மைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, மற்ற இருவருக்கும் ஆள் அனுப்பினார். ஈரலில் ஊசி குத்தி எடுத்த சதையைப் பழைய தலைக்கட்டிச் சதையோடு வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றே. "தப்பு எங்க மேலதான்" என்றார் தலை டாக்டர். அதன் பிறகு மூவரும் சேர்ந்தே வந்தார்கள். பேசிவைத்து வெட்டினார்கள், கரண்ட் வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள்.

நீர் பிழைக்கவில்லை, சரி. ஆனால் ஒரு மாதம் தாங்காது என்றவர்கள் முன்னால் ஒன்றரை வருஷம் இருந்தீர். மகள் பூசையில் முதல் நற்கருணையாகப் புதுநன்மை வாங்கிய அன்று மாதா கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தீர். அவ்வளவு பாடுபட்டும் என்ன ஆச்சு என்று எவனாவது கேட்டால் பல்லை உடைப்பேன்.

போன வாரம் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் புன்னைக்காயல் ஊர்க்காரர் ஒருவர் மூன்று சீட்டுகளோடு முழித்துக்கொண்டு நின்றார். கூடவே உள்ளே போய்ப் பழைய சண்டையைப் போட்டேன்.

"நீரு யாருய்யா இவருக்கு?" என்று டாக்டர் அதட்டினார்.

அந்த மனுஷர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

"மச்சினன்" என்றேன்.